ஊராட்சிப் பணியில் வளர்வது எப்படி? புதியவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளர், துணை வட்டார வளர்ச்சி அலுவலர் என்று படிப்படியாக வந்து, வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இன்றும் போன் செய்து சந்தேகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சியைத்தான் எனக்கு நெருக்கமாகத் தெரியும். அதனால் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறேன்.

இந்தத் துறையில் எந்தெந்த வழியாக நுழையலாம்? மேலே போகும் பாதை எது?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வு எழுதி வந்தால் இளநிலை உதவியாளர். தொகுதி 2அ வழியாக வந்தால் உதவியாளர். தொகுதி 1-இல் தேர்ச்சி பெற்றால் நேராக ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர். கீழிருந்து வருபவருக்குப் பாதை இப்படி: இளநிலை உதவியாளர், உதவியாளர், துணை வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர், அதற்கு மேல் உதவி இயக்குநர். பொறியியல் பிரிவுக்குத் தனி வரிசை. பணி மேற்பார்வையாளர், உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர் என்று அது போகும். ஊராட்சி செயலர் கிராமத்திலேயே இருக்கும் பதவி. 10-ஆம் வகுப்புத் தேர்ச்சிதான் அடிப்படைத் தகுதி. ஆனால் மொத்த அமைப்பும் அவர் எழுதும் பதிவேட்டின் மேல்தான் நிற்கிறது.

மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்களும் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளும் உள்ளன. ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, அதாவது ஒன்றிய அளவிலான ஊராட்சிக்கு; இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. புதிதாக வருபவர்கள் இந்த இருவரையும் குழப்பிக்கொண்டு தபாலை மாற்றி வைப்பது எல்லா அலுவலகத்திலும் நடக்கும். முதல் நாளே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு மாதத்தில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

உங்கள் இருக்கையை, அதாவது உங்களுக்கு ஒதுக்கிய பிரிவு வேலையை. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

'தன் பதிவேடு' என்று ஒன்று உண்டு. இருக்கைக்கு வந்த தபால்களும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையும் அதில் இருக்கும். அதை எடுத்து, உங்களுக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவர் காலத்திலிருந்து முடிக்கப்படாத இனங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் கோப்பு யாரிடம் நிற்கிறது, எதற்குப் பதில் வரவில்லை, எது நினைவூட்டோடு நின்றுபோனது என்று பாருங்கள். நான் சேர்ந்தபோது என் இருக்கையில் 60-க்கும் மேற்பட்ட நிலுவை இருந்தது. அதை எழுதி முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. எழுதி முடித்தபோது அந்தப் பிரிவைப் பற்றி மேலாளருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நானாக இருந்தேன். அறிவால் வந்ததல்ல அது. மற்ற யாரும் பழைய கோப்பைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்ததாக, கிராம ஊராட்சியின் மூன்று அடிப்படை வங்கிக் கணக்குகளை மனப்பாடமாக வைத்திருங்கள். முதல் கணக்கு ஊராட்சியின் பொது நிதி. இரண்டாவது மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியக் கட்டணத்துக்கும். மூன்றாவது திட்டப் பணிகளுக்கு. எந்தப் பணம் எந்தக் கணக்கில் வந்து எங்கே போகலாம் என்று தெரிந்தவரைத்தான் மற்றவர்கள் தேடி வந்து கேட்பார்கள். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தபோது, பல இடங்களில் சாலைக்கு மதிப்பீடு போட்டுவிட்டுத் திரும்ப வாங்கினார்கள். நிபந்தனை வந்த சுற்றறிக்கையை முழுசாகப் படித்தவர் அலுவலகத்தில் ஒருவராவது இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

வழிகாட்டி என்று ஒருவரை அலுவலகமே நியமித்துத் தருமா?

நான் இருந்த எந்த அலுவலகத்திலும் அப்படித் தந்ததில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் நம் வழிகாட்டி. அவர் நல்லவராக அமைந்தால் அதிர்ஷ்டம். அமையாவிட்டால் நாமாகத் தேட வேண்டும்.

ஒரே ஆளிடம் எல்லாம் கிடைக்காது. கோப்பு எழுதக் கற்றுத் தருபவர் ஒருவர், கணக்குக்கு ஒருவர், களத்துக்கு ஒருவர் என்று மூன்று பேராவது வேண்டும். இந்த மூவரும் உங்களைவிடப் பெரிய பதவியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ரொக்கப் பதிவேடு முடிப்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஓர் ஊராட்சி செயலர். மாதக் கடைசியில் வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பட்டுவாடா ஆகாத காசோலைகளைத் தனியே பட்டியல் எடுத்து, வித்தியாசம் ஒரு ரூபாய் என்றாலும் விடாமல் தேடுவார். "ஒரு ரூபாய் இடிக்குதுன்னா, அதுக்குள்ள ஆயிரம் ரூபாய் வரவும் ஆயிரத்தொரு ரூபாய் செலவும் ஒளிஞ்சிருக்கலாம் சார்" என்பார். பதவியில் அவர் எனக்குக் கீழே. கணக்கில் அவர்தான் என் வாத்தியார்.

மூத்தவர்களிடம் எப்படிப் போய்க் கேட்பது? "இதுகூடத் தெரியாதா" என்று திட்டுகிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

"சார், இந்தக் கோப்பை எப்படி எழுதுவது?" என்று வெறுங்கையோடு போனால் எரிச்சல்தான் வரும். அவர் மேசையிலும் 50 கோப்பு இருக்கிறது. உங்கள் கோப்பை அவர் முதலிலிருந்து படித்து, யோசித்து, வாயால் சொல்ல வேண்டும். அதையே ஒரு வரைவு எழுதிக்கொண்டு போய், "சார், இப்படி எழுதியிருக்கேன், சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க" என்று நீட்டுங்கள். தப்பைக் கண்டால் திருத்தாமல் இருக்க எந்த மூத்த உதவியாளராலும் முடியாது. கை தானாகப் பேனாவை எடுக்கும்.

எனக்கு அமைந்தவர் ஓர் உதவியாளர். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. என் முதல் அலுவலகக் குறிப்பு ஒரு சிறு பாலம் பழுது பார்ப்பது பற்றியது. இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் முதல் பக்கத்தை முழுசாக அடித்தார். அதில் எல்லாம் பாலத்தின் வரலாறு. பிறகு ஓரத்தில் மூன்று கேள்வி எழுதினார். என்ன கேட்கிறார்கள்? எந்த விதி இடம் தருகிறது? பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் எதிரே நடப்புக் கோப்பின் பக்க எண்ணைப் போடச் சொன்னார். "இதைப் படிக்கிற அதிகாரி கோப்பைப் புரட்டாமலே கையெழுத்துப் போட முடியணும் தம்பி. புரட்டணும்னு நினைச்சா, நீ சொன்ன பக்கத்துல நீ சொன்னது இருக்கணும்." இரண்டு பக்கம் பதினோரு வரியானது. பிறகு என் 30 வருடமும் அந்த மூன்று கேள்வியில்தான் ஓடியது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் திருத்தித் தந்ததை அப்படியே நகல் எடுத்து மேலே அனுப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. அடித்த தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்துக்கொண்டேன். அடுத்த வரைவில் அதே தப்பு இருந்தால் அவருக்குப் பிறகு சொல்லித்தர மனம் வராது. இரண்டாவது தடவை அந்தத் தப்பு இல்லை என்று அவர் கண்டுகொண்டால், நீங்கள் கேட்காமலேயே அழைத்துச் சொல்ல ஆரம்பிப்பார்.

களத்தில் யாரிடம் கற்பது?

தொட்டி இயக்குபவரிடம், தூய்மைப் பணியாளரிடம், பணி மேற்பார்வையாளரிடம். ஜீப்பில் போய் இறங்கி, தலைவர் வீட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் களம் தெரியாது.

துணை வட்டார வளர்ச்சி அலுவலராகப் பொறுப்பேற்ற புதிதில், ஒரு கிராமத்தில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை ஆய்வு செய்யப் போனேன். குளோரின் கலந்த பதிவேடு சுத்தமாக இருந்தது. தொட்டி கழுவிய தேதியைச் சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். திருப்தியோடு கையெழுத்துப் போடப் போனவனை அந்தத் தொட்டி இயக்குபவர் தடுத்தார். "சார், தொட்டிக்குக் கீழ இருக்கிற குழாயில பாத்தா எப்பவும் சரியாத்தான் இருக்கும். கடைசித் தெருவுக்கு வாங்க" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். குழாய் வரிசையின் கடைக்கோடி வீடு. தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் குளோரோஸ்கோப்பின் சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். லேசான மஞ்சள்கூட வரவில்லை. குளோரின் 0.2 பிபிஎம்மாவது (பத்து லட்சம் பங்கில் 0.2 பங்கு) இருக்க வேண்டிய இடம் அது. நடுவில் எங்கோ கசிவு. மறுநாள் தோண்டியபோது சாக்கடையை ஒட்டிய இணைப்பில் உடைப்பு தெரிந்தது.

அதற்குப் பிறகு எந்த ஊர் போனாலும் கடைசித் தெருக் குழாயைத் திறக்காமல் திரும்பியதில்லை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு இது கிடைக்கவில்லை. கடைசித் தெரு பெரும்பாலும் எந்த மக்கள் வாழும் தெரு என்பது நம் ஊர்களை அறிந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழாயைத் திறந்து பார்க்காமல் செய்யும் ஆய்வு எனக்கு ஆய்வாகவே படாது.

துறைத் தேர்வுகளை எப்போது எழுதலாம்?

சேர்ந்த வருடமே. பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும், நடத்துகிறது. தமிழ்நாடு அரசு அலுவலக நடைமுறை நூல் தேர்வு, சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வு முதல் பகுதி, ஊராட்சி வளர்ச்சிக் கணக்குத் தேர்வு ஆகியவற்றில் ஆரம்பியுங்கள். உங்கள் பதவிக்கு எவையெல்லாம் வேண்டும் என்பதைப் பணி விதியைத் திறந்து நீங்களே பாருங்கள். யாரோ சொன்னார் என்று நம்பி இருக்காதீர்கள்.

கல்யாணம் ஆகட்டும், குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போட்டு, ஒரே ஒரு தாள் பாக்கியால் பதவி உயர்வுக்கான பேனலில் பெயர் வராமல், தன்னைவிட ஐந்து வருடம் இளையவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். நூலோடு எழுதலாம் என்ற சலுகை உள்ள தாள்களும் உண்டு. அதை நம்பிப் படிக்காமல் போகாதீர்கள். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்குப் புத்தகம் கையில் இருந்தும் நேரம் போதாது.

தேர்ச்சி பெற்றதும் பணிப்பதிவேட்டில் பதிவு ஏறியதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

பயிற்சிகளால் பயன் உண்டா, வெறும் சடங்கா?

பவானிசாகரில் உள்ள அரசு ஊழியர் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சி கட்டாயம். நேரடி நியமனத்தில் வந்த இளநிலை உதவியாளர்களும் உதவியாளர்களும் அதை முடித்தாக வேண்டும். அங்கே கிடைக்கும் பெரிய லாபம், பல துறைகளிலிருந்து வந்த உங்கள் வயதுக்காரர்களின் நட்பு. வருவாய்த் துறையிலும் கருவூலத்திலும் ஒரு நண்பர் இருந்தால், பட்டா விவரமும் செலவுப் பட்டியல் (பில்) திரும்பி வந்த காரணமும் ஒரு போனில் தெரிந்துவிடும்.

ஊரக வளர்ச்சிக்கென்று மறைமலை நகரில் மாநில நிறுவனம் இருக்கிறது. பவானிசாகர், கிருஷ்ணகிரி, பட்டுக்கோட்டை, தே.கல்லுப்பட்டி, எஸ்.வி.நகரம் ஆகிய இடங்களில் மண்டல நிறுவனங்கள் உள்ளன. பெயர் கேட்டு மாவட்டத்திலிருந்து கடிதம் வரும்போது, "வேலை இல்லாதவனை அனுப்பு" என்று ஆள் பிடிக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அது தவறு. நீங்களாகவே கேட்டு வாங்கிப் போங்கள். போகும்போது உங்கள் ஊராட்சியின் ஒரு சிக்கலை, உதாரணமாக வசூலாகாத வீட்டு வரியையோ நின்றுபோன திடக்கழிவுக் கொட்டகையையோ, தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இடைவேளையில் அதைப் பயிற்றுநரிடம் நீட்டுங்கள். சிக்கலோடு போனவருக்குத்தான் வகுப்பு உதவும்.

களப் பயணம் என்றால் தவறவிடாதீர்கள். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. ஊராட்சி கடன் வாங்கிக் காற்றாலை வைத்து, மின்சாரத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று யாரும் கற்பனை செய்யாத நேரம் அது. சாதனையைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் கோப்பு எப்படி நகர்ந்திருக்கும், எந்தத் தீர்மானம் எந்த அனுமதியைக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

தலைவர் வாய்மொழியாக ஒன்றைச் செய்யச் சொல்கிறார். விதிப்படி சரியில்லை. என்ன செய்வது?

முகத்துக்கு நேரே "முடியாது" என்றும் சொல்லாதீர்கள், "சரி" என்றும் சொல்லாதீர்கள். "தீர்மானத்துல வெச்சுச் செஞ்சுடலாங்க தலைவரே" என்று சொல்லிப் பாருங்கள். மன்றக் கூட்டத்தில் வைக்க முடியாத காரியம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வைக்கக்கூடிய காரியம் முறையாக நடக்கும். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால், விவரத்தை எழுத்தில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பிவிடுங்கள். 1994 ஊராட்சிகள் சட்டம் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வைத்ததே, ஒருவர் விருப்பத்தில் பணம் போகக் கூடாது என்பதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. தலைவர் அம்மா வீட்டில் இருக்க, அவர் கணவர் அலுவலகத்தில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டால், அவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள். மரியாதையாக, "அம்மாகிட்ட நேர்ல விளக்கிட்டு வாங்கிக்கறேங்க" என்று சொல்லுங்கள். கொடுத்துப் பழக்குவது பெரும்பாலும் நம் ஊழியர்கள்தான். பட்டியலினத் தலைவருக்கு நாற்காலி போடாத இடத்தில் நீங்களும் உட்காராதீர்கள். உங்களுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தணிக்கைத் தடை (செலவை ஏற்காமல் தணிக்கையாளர் எழுதும் ஆட்சேபம்) வந்துவிட்டது. எதிர்காலமே போய்விட்டதா?

இல்லை. எனக்கும் வந்தது. இரண்டாம் வருடம் தெருவிளக்கு பல்பு வாங்கிய செலவுச் சீட்டு ஒன்றில் இருப்புப் பதிவேட்டின் பக்க எண் குறிக்கப்படவில்லை. பதிவேட்டிலும் வரவு இல்லை. பல்புகள் தெருவில் எரிந்துகொண்டிருந்தன. காகிதத்தில் ஒரு பல்புகூட வாங்கி வைக்கப்படவில்லை. முழுத் தொகைக்கும் தடை போட்டார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மேலே சொன்ன அதே உதவியாளர்தான் கைகொடுத்தார். "பதில் எழுத உக்காராதே. முதல்ல பல்பை எண்ணு" என்றார். சாயங்காலம் விளக்குப் போடும் பணியாளரோடு கம்பம் கம்பமாக நடந்தேன். வாங்கியது 38. எண்ணியதில் 36 வந்தது. மீதி இரண்டு கிட்டங்கியில் அட்டைப் பெட்டியோடு இருந்தது. கம்ப எண், தெரு, பொருத்திய நாள் என்று பட்டியல் போட்டு, நேரில் சரிபார்த்த மேற்பார்வையாளரின் சான்றோடு பதில் அனுப்பினோம். அடுத்த தணிக்கையில் தடை நீங்கியது.

பின்தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதிவிடலாம் என்று அன்று எனக்கு யோசனை சொன்னவரும் இருந்தார். எழுதியிருந்தால் கவனக்குறைவு என்ற சின்னத் தவறு பொய்ப் பதிவு என்ற குற்றமாகியிருக்கும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் சிறு தண்டனைக்கான 17(அ)-வில் முடிய வேண்டியது, பெருந்தண்டனைக்கான 17(ஆ) வரை போவது பெரும்பாலும் இப்படி மறைக்கப் பார்த்துத்தான்.

வழிகாட்டியே தவறான பாதையைக் காட்டினால்?

விலகிவிடுங்கள். சண்டை போட வேண்டாம். "எல்லாரும் செய்றதுதான்" என்று ஆரம்பிக்கும் ஆலோசனை எதையும் ஏற்காதீர்கள். உங்கள் இனிஷியல் விழுந்த ஒவ்வொரு குறிப்புக்கும் நீங்கள்தான் பொறுப்பு. கேள்வி வரும் நாளில் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

பெண் ஊழியர்களுக்குத் தனியாக ஏதாவது?

கேட்டு எழுதியவர்களில் பாதிப் பேர் பெண்கள். இருட்டிய பிறகு நடக்கும் ஆய்வுக் கூட்டங்கள், பஸ் இல்லாத ஊராட்சிகள், கழிப்பறை இல்லாத களம், இவையெல்லாம் உண்மையான தடைகள். இவற்றைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெண்களை "பாவம்" என்று சொல்லி எளிய இருக்கையிலேயே வைத்திருப்பார்கள். அது சலுகை போலத் தெரியும். பத்து வருடம் கழித்துத் திட்டப் பிரிவோ கணக்கோ பார்த்த அனுபவமே இல்லாமல் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக நிற்க வேண்டி வரும். கடினமான பிரிவைக் கேட்டு வாங்குங்கள். அதோடு பாதுகாப்பான வண்டியையும் கேளுங்கள். இரண்டும் உங்கள் உரிமை. அடுத்த ஒன்றியத்தில் உள்ள பெண் அலுவலர் ஒருவரையாவது பழக்கத்தில் வைத்திருங்கள்.

ஊராட்சியா, நகராட்சியா? எது நல்லது?

மக்களோடு நேரடியாகப் பழகப் பிடித்தால் ஊராட்சி. வேகமும் பெரிய திட்டங்களும் பிடித்தால் நகரம். நகர்ப்புறத்தில் இப்போது சேர்பவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 1998-இல் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், புதிய விதிகளோடு 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் ஊறிய மூத்தவர்களும் புதிதாகப் படிக்க வேண்டிய நிலை. விதியை வரிவரியாகப் படிக்கும் இளையவருக்கு அங்கே மதிப்பு சீக்கிரம் கூடும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் வேலை எப்படி இருக்கும்?

2016 அக்டோபர் முதல் 2019 கடைசி வரை, தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடியும் அந்த நிலை வந்தது. வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே பல ஊராட்சிகளுக்குப் பொறுப்பு என்றால், செயலர் மேல் பாரம் கூடும். தட்டிக் கேட்க ஆள் இல்லாதபோது பதிவேட்டில் தூசு படியும். அந்த நாட்களில் கிராம சபையை ஒழுங்காக நடத்திப் பழகுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. வரவு செலவை நீங்களே எழுந்து நின்று வாசியுங்கள். ஊரார் முன்னால் கணக்கு வாசித்துக் கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு எந்த ஆய்வுக் கூட்டமும் பயம் தராது.

இப்போது எனக்குக் கீழே ஒருவர் சேர்ந்திருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

அவர் கொண்டுவரும் முதல் வரைவை நீங்களே மாற்றி எழுதிவிடாதீர்கள். நேரம் மிச்சமாகும், அவருக்கு எதுவும் மிஞ்சாது. ஓரத்தில் கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

மாறுதல் வந்து போகும்போது, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலோடு நாலு பக்கம் தனியாக எழுதி வைத்துவிட்டுப் போங்கள். எந்த ஊராட்சியில் எந்த மோட்டார் அடிக்கடி எரியும், எந்த ஒப்பந்ததாரரின் அளவுப் புத்தகத்தை (முடித்த வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) இரண்டு முறை பார்க்க வேண்டும், எந்தத் தெருவில் கோடையில் தண்ணீர் ஏறாது, எந்தக் கோப்புக்கு நீதிமன்றத் தேதி நெருங்குகிறது. நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில், எனக்கு முன்னால் இருந்த அம்மா அப்படி எழுதிய பேப்பரை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. முதல் வாரம் முழுக்க அந்தப் பேப்பரை வைத்துத்தான் ஊர்களுக்குப் போனேன்.